ஒஸ்லோ டின்னும் பஸ் நிலையத்துப் பக்கெட்டும்

திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையில் இரவு பஸ் ஓட்டும் வாசகர் ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 44. இருபத்திரண்டு வருடமாகச் சிகரட். நாளுக்குப் பதினைந்து, ஓட்டம் கூடினால் இருபதும் போகும். காலையில் எழும்பி முகம் கழுவ முதலே ஒன்று பற்ற வேண்டும். மூத்த மகளுக்கு ஆஸ்துமா; அப்பா வந்து பக்கத்தில் இருந்தாலே பிள்ளைக்கு இருமல் தொடங்கிவிடுகிறதாம். மனைவி சண்டை பிடித்துக் களைத்து, இப்போது பேச்சையே குறைத்துவிட்டார்.

போன வருடம் கோணேசர் கோயில் திருவிழாவுக்கு ஒஸ்லோவிலிருந்து வந்த மைத்துனர், ஸ்னூஸ் எனப்படும் சுவீடன் நாட்டுப் புகையிலை டின்கள் ஐந்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலுதட்டுக்குள் வைக்கும் சின்னச் சின்னப் பைகள். புகையும் இல்லை, துப்பலும் இல்லை. கூடவே கைபேசியில் ஒரு கட்டுரை: புகையற்ற புகையிலையால் சிகரட்டை விடலாம் என்று ஆராய்ச்சி நிரூபித்துவிட்டதாம். அந்த மாதம் சிகரட் ஏழுக்கு இறங்கியது. பிறகு டின் முடிந்தது. சக சாரதி ஒருவர், “இதுவும் அதேதான் அண்ணே” என்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் மாவா வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்து, கன்னத்தில் ஒதுக்கி மெல்லும் கலவை அது. இப்போது மூன்று மாதமாக ஏழு சிகரட்டும் உண்டு, நாலைந்து பக்கெட் மாவாவும் உண்டு.

“டொக்டர், புகை உள்ளே போகாவிட்டால் என்ன பாதிப்பு? ஒன்று வெள்ளைக்காரன்ட பக்கெட், மற்றது எங்கட பக்கெட், அவ்வளவுதானே?” என்று கேட்கிறார். ஸ்னூசைப் பார்சலில் எடுப்பித்தால் சட்டச் சிக்கல் வருமா, நிக்கொட்டின் சூயிங்கம் இதயத்துக்குக் கூடாது என்கிறார்களே உண்மையா என்றும் கேள்விகள். கடிதம் முடியும் இடத்தில், கையெழுத்துக்கு மேலே, ஒரு வரி: “உறைப்புக் கறி சாப்பிட்டால் இடது கன்னத்துக்கு உள்ளே எரியுது, சுண்ணாம்பு பட்டிருக்கும்போல.”

நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

முதலில் வாயைக் காட்டுங்கள்

எந்தக் கன்னத்தில் மாவாவை ஒதுக்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இடது கன்னமாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். சுண்ணாம்பு பட்ட புண் என்றால் சில நாளில் ஆறிவிடும். பாக்கு மெல்லுகிறவருக்கு உறைப்பு, புளி பட்டால் எரிகிற எரிவு விடாமல் இருந்தால், அது கன்னத்தின் உட்தோல் இறுகத் தொடங்குவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். இந்த நோய் முற்றினால் வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கடைசியில் ஒரு கவளம் சோறு போவதே பாடாகிவிடும். புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் அதற்கு உண்டு. இலங்கை ஆண்களிடம் மிக அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான் என்பதால், எரிவு என்று யாராவது சொன்னால் நான் இலேசில் விடுவதில்லை.

நாளைக்குக் காலையில் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, விரலால் கன்னத்தை வெளியே இழுத்துப் பாருங்கள். துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை இருக்கிறதா? வெல்வெட் போன்ற சிவப்பு இடம் இருக்கிறதா? விரலால் தடவினால் தோல் மெத்தென்று இருக்கிறதா, நார் ஓடியதுபோல் விறைப்பாக இருக்கிறதா? அப்புறம் உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். மூன்றும் போகாவிட்டால் வாய் ஏற்கனவே சுருங்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் போனாலும் நீங்கள் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும், ஏனென்றால் எரிவு முதலில் வரும், சுருக்கம் பிறகுதான் வரும்.

திருகோணமலை பொது வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போங்கள். காசு இல்லை. பல் வலி என்று சொல்லிச் சமாளிக்காமல், “மாவா போடுகிறேன், சிகரட்டும் உண்டு, வாய் எரியுது” என்று மூன்றையும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் வாய், முகச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அவர்களே அனுப்புவார்கள். ஒரு சின்னத் துண்டு தசை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றால் சம்மதியுங்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயத்தில் ஒரு வருடம் இழுத்தடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனைக்குத் துண்டு எடுப்பதால் வாய்ப்புற்றுநோய் பரவுவதில்லை. நீங்கள் போட்டது மூன்று மாதம்தான் என்பது நல்ல செய்தி. வெள்ளைப் படை மட்டும் என்றால் பழக்கத்தை நிறுத்தியதும் பலருக்கு அது மங்கிவிடும். தோல் இறுகியிருந்தால் அது பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது, ஆனால் மேலும் இறுகாமல் நிறுத்தலாம்.

மைத்துனர் காட்டிய ஆராய்ச்சி

அவர் பொய் சொல்லவில்லை. ஆராய்ச்சி இருக்கிறது. அது யார் காசில் நடந்தது, எதை எதோடு ஒப்பிட்டது, எதை வெற்றி என்று எண்ணியது என்று பார்த்தால்தான் அது உங்களுக்கு உதவுமா என்று தெரியும்.

ஸ்னூசுக்கு முதலில் உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். சிகரட்டால் வரும் நாசத்தில் பெரும்பங்கு எரிவதால் வருவது: தார், காபன் மொனொக்சைட், நுண்துகள். ஸ்னூசில் எதுவும் எரிவதில்லை. அதன் புகையிலையை நொதிக்கவிடாமல் வெப்பத்தில் பதப்படுத்துகிறார்கள். அதனால் புற்றுநோய் உண்டாக்கும் நைத்திரோசமைன்கள் குறைவு. சுவீடன் ஆண்கள் பல பத்தாண்டுகளாகச் சிகரட்டைக் குறைத்து ஸ்னூசுக்கு மாறினார்கள். நுரையீரல் புற்றுநோயில் அவர்கள் ஐரோப்பாவிலேயே கீழ் வரிசையில் இருக்கிறார்கள். 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ‘ஜெனரல் ஸ்னூஸ்’ வகைகள் சிலவற்றுக்கு, சிகரட்டுக்குப் பதிலாக இதைப் பாவித்தால் நுரையீரல் புற்றுநோய், இதயநோய் போன்றவற்றின் ஆபத்து குறைவு என்று விளம்பரம் செய்ய அனுமதி கொடுத்தது. சிகரட்டை விடவைக்கும் மருந்து என்று அது ஒருபோதும் அங்கீகரிக்கவில்லை. இந்த இரண்டும் உங்கள் மைத்துனரின் கட்டுரையில் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன.

சரி, விடவைக்குமா? ஸ்னூஸ் தயாரிக்கும் சுவீடிஷ் மேட்ச் நிறுவனமே காசு கொடுத்து இரண்டு நல்ல பரிசோதனைகள் நடந்தன. ஒன்று சேர்பியாவில், 319 புகைப்பவர்களுடன். பாதிப் பேருக்கு ஸ்னூஸ், பாதிப் பேருக்குப் புகையிலை இல்லாத போலிப் பை. அங்கே முதன்மை வெற்றியாக எண்ணியது சிகரட்டை விடுவதை அல்ல. எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பதை. ஆறு மாதத்தில் அந்தக் கணக்கில் ஸ்னூஸ் பக்கமும் போலிப் பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. முழுதாக விட்டவர்கள் ஸ்னூஸ் பக்கத்தில் கூட என்று தெரிந்தாலும், உறுதியாகச் சொல்லப் போதிய வித்தியாசம் இல்லை. மற்றது அமெரிக்காவில், 250 பேருடன், 2012இல் வெளியானது. தொடர்ந்து விட்டிருந்தவர்கள் ஸ்னூஸ் பக்கத்தில் 4 வீதம், போலிப் பக்கத்தில் 1.6 வீதம். தற்செயலாகவே வந்துவிடக்கூடிய இடைவெளி அது. கம்பனி காசில் நடந்தாலும் முடிவை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். கட்டுரை எழுதுகிறவர் கைக்கு வரும்போதுதான் அது ‘நிரூபித்துவிட்டது’ ஆகிறது.

இரண்டிலும் ஸ்னூசோடு மோதியது போலிப் பை. உங்களுக்கு வேண்டிய ஒப்பீடு வேறு: ஸ்னூசா, நிக்கொட்டின் சூயிங்கமா? அதை மினசோட்டா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டொரதி ஹட்சுகாமியின் குழு 391 புகைப்பவர்களை வைத்துச் செய்து 2016இல் வெளியிட்டது. சிகரட்டிலிருந்து மாறுவதில் இரண்டும் ஏறக்குறையச் சமம். உடலில் சேர்ந்த நச்சு ஸ்னூஸ்காரருக்குக் கூட, திருப்தியும் அவர்களுக்குத்தான் குறைவு. சூயிங்கம் செய்யாத எதையும் ஸ்னூஸ் செய்யவில்லை என்றால், புகையிலையை ஏன் தேட வேண்டும்?

புகையற்ற புகையிலைக்கு மாறிச் சிகரட்டை விடலாம் என்ற கருத்தை அமெரிக்காவில் 1990களிலிருந்து முன்வைத்துவரும் வாய்நோயியல் பேராசிரியர் பிராட் ரோடுவின் ஆய்வுக்குப் புகையிலைக் கம்பனிகள் பல்கலைக்கழகம் வழியாக நிதி கொடுத்தன. அவர் அதை மறைப்பதும் இல்லை. காசு கொடுத்தவர் யார் என்பதற்காக ஆய்வைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் கம்பனிகளின் கணக்கையும் பாருங்கள். மார்ல்பரோவை அமெரிக்காவில் விற்கும் அல்ட்ரியா 2009இல் அந்நாட்டின் பெரிய புகையற்ற புகையிலைக் கம்பனியை வாங்கியது. கெமல் சிகரட் செய்யும் ரெனல்ட்ஸ் கெமல் ஸ்னூசையும் இறக்கி, புகைக்க முடியாத இடங்களில் பாவியுங்கள் என்று விளம்பரம் செய்தது. சுவீடிஷ் மேட்சை 2022இல் சிகரட் கம்பனியான பிலிப் மொரிஸ் இன்டர்நேஷனல் வாங்கியது. நீங்கள் சிகரட்டை விட்டாலும் அவர்களுக்கு வியாபாரம்தான். விடாமல் இரண்டையும் பாவித்தால் இரட்டை வியாபாரம்.

கெமல் ஸ்னூஸ் விளம்பரத்தை உங்கள் கடிதத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். பஸ் ஓடும்போது பை, கந்தளாயிலோ ஹபரணையிலோ நிறுத்தினால் சிகரட் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புகைக்க முடியாத நேரத்தைக் கடத்திவிட்டால், சிகரட்டை விட வேண்டும் என்ற நெருக்கடியே இல்லாமல் போய்விடுகிறது.

முழுதாக மாறியவர்களைப் பற்றியும் ஒன்று. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன் பெரிய தொடராய்வில், சிகரட்டை அடியோடு விட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும், சிகரட்டை விட்டு வாய்ப் புகையிலைக்கு மாறிய நாலாயிரத்துச் சொச்சம் ஆண்களையும் ஒப்பிட்டது. 2007இல் வந்த முடிவு: மாறியவர்களின் இறப்பு வீதம் 8 வீதம் கூட. அது அமெரிக்க வகைப் புகையிலை, ஸ்னூஸ் அல்ல, மாவாவும் அல்ல.

மாவா வேறு சாமான்

ஆராய்ச்சியில் இருந்த பை தொழிற்சாலையில் அளந்து, பதப்படுத்தி, குளிரில் வைத்து விற்பது. உங்கள் கைக்கு வருவது ஒரு சின்னப் பொலித்தீன் துண்டில் சுற்றியது. சீவிய பாக்கு, புகையிலைத் தூள், சுண்ணாம்பு, எல்லாம் ஈரமாகக் கசங்கிக் கிடக்கும். லேபல் இல்லை. என்ன கலந்திருக்கிறது என்பது கலந்தவருக்கே வெளிச்சம்.

அதில் புகையிலை மட்டும் பிரச்சினை இல்லை. பாக்கு தனியாகவே, புகையிலை இல்லாமலே, மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதிப் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. எங்கள் பாட்டிமார் தாம்பூலம் போட்டார்களே என்று கேட்பீர்கள். போட்டார்கள், அவர்களில் பலருக்கு வாயில் நோயும் வந்தது. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுவதால் நிக்கொட்டின் கன்னத்தின் வழியாகச் சட்டென்று இரத்தத்தில் ஏறும். மாவா போட்டதும் தலையில் ‘கிர்’ என்று ஒன்று வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். சிகரட்டை விடப்போய் இன்னும் இறுக்கமாகக் கட்டுப்பட்டிருக்கிறீர்கள். சுவீடன் ஆய்வு எதுவும் மாவாவுக்குச் சான்றிதழ் ஆகாது.

இதயத்தைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், புகையிலை மெல்லுகிறவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். புகைத்துக்கொண்டு மெல்லவும் செய்கிறவர்களுக்கு நாலு மடங்கு. நீங்கள் இப்போது நிற்பது அந்த இரண்டாவது வரிசையில். ஏழுக்குக் குறைத்துவிட்டதால் ஆபத்தும் பாதியாகிவிட்டது என்ற கணக்கும் சரியில்லை. நாளுக்கு ஒரே ஒரு சிகரட் பிடிக்கிறவருக்குக்கூட, இருபது பிடிக்கிறவரின் மேலதிக இதயநோய் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது. ஏழிலிருந்து பூச்சியத்துக்கு இறங்குவதில்தான் இதயத்துக்குப் பெரிய இலாபம்.

சட்டம்

புகையிலை கலந்த புகையற்ற கலவைகளின் விற்பனைக்கு இலங்கையில் 2016இல் தடை வந்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அவை. மாவாவை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பது அதனால்தான். ஸ்னூசைப் பார்சலில் எடுப்பிக்க முயல வேண்டாம். சுங்கத்தில் விளக்கம் சொல்லும் வேலை உங்களுக்குத் தேவையில்லை. வைத்தியரிடம் மாவா போடுகிறேன் என்று சொன்னால் பொலிசுக்குப் போகுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். நோயாளி சொல்வதை வைத்தியர் வெளியே சொல்ல மாட்டார்.

இனி எப்படி விடுவது

நிக்கொட்டின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டியும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009இலிருந்து இருக்கின்றன. அடிமையாக்குவது நிக்கொட்டின், உடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் அதோடு வரும் புகையும் மற்ற நச்சுகளும். சிகரட்டுக்குப் பழகிய உடம்புக்குச் சூயிங்கத்தின் நிக்கொட்டின் புதிதல்ல, அளவும் குறைவு. அண்மையில் மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி அடிக்கடி வருகிறவர் மட்டும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

உங்கள் வாய் எரிகிற நிலையில் பட்டிதான் எனக்குப் பிடித்தம். வாய் சரி என்று பல் வைத்தியர் சொன்ன பிறகு சூயிங்கத்தைச் சேர்க்கலாம். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக வேலை செய்வதைவிட நன்றாக வேலை செய்யும். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் புகைக்கிறவர் என்பதால் உங்களுக்கு 4 மில்லிகிராம். மாவாவைப்போல் குதப்ப வேண்டாம். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தோரம் ஒதுக்கி, காரம் குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணித்தியாலம் முன்பிருந்தே தேத்தண்ணி, கோப்பி, குளிர்பானம் வேண்டாம், நிக்கொட்டின் ஏறாது. பட்டியும் சூயிங்கமும் பெரிய தனியார் பாமசிகளில் கேட்டுப் பாருங்கள். விலை கொஞ்சம் குத்தும், ஆனால் தேவைப்படுவது ஏறக்குறைய மூன்று மாதத்துக்குத்தான். வேறு மாத்திரைகளும் உண்டு. அவற்றில் சில வலிப்பு வரலாறு உள்ளவருக்குக் கூடாது என்பதால் வைத்தியர் எழுதித்தான் எடுக்க வேண்டும்.

நீங்கள் சாரதி என்பதால் இரண்டு விஷயம். நிறுத்திய முதல் மூன்று நாலு நாள் எரிச்சலும் கவனச் சிதறலும் நித்திரைக் குழப்பமும் வரும். அந்த நாட்களில் பஸ் எடுக்காதீர்கள். முதலாளியிடம் சொல்லி லீவு போட்டுத் தொடங்குங்கள். அடுத்தது தேத்தண்ணி. சிகரட் புகை, உடம்பிலிருந்து கஃபீனை வேகமாக வெளியேற்றவைக்கும். புகையை நிறுத்தியதும் அதே கோப்பைத் தேத்தண்ணி நெடுநேரம் உள்ளே நிற்கும். நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, நித்திரை வராமல், “சிகரட்டை விட்டதால் வந்த வருத்தம்” என்று நினைத்துத் திரும்பப் பற்றவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குடிக்கிற அளவைப் பாதியாக்குங்கள். இரவு ஓட்டத்தில் நித்திரை தூங்கி வந்தால் அதற்கு நிக்கொட்டின் மருந்தில்லை. பகலில் ஒழுங்காகப் படுப்பதும், கண் சொருகினால் பஸ்ஸை ஓரம் கட்டுவதும்தான்.

பாக்குக்குத் தனியாக ஒரு பிடி இருக்கிறது. நிக்கொட்டின் பட்டி அதற்கு உதவாது. வாய் எதையாவது கேட்கும்போது கச்சானோ கடலையோ உறைப்பில்லாமல் கையில் இருக்கட்டும். மாவா வாங்கித் தரும் அந்தத் தம்பியிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், முடிந்தால் அவரையும் பல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கதைத்து ஆலோசனை கேட்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கம் இருக்கிறது. மனைவியிடம் திகதியைச் சொல்லுங்கள். மகளின் இன்ஹேலரையும் ஒழுங்காகத் தொடருங்கள். அப்பா விட்டுவிட்டார் என்பதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

மைத்துனர் அடுத்த முறை வரும்போது ஸ்னூசுக்குப் பதிலாக ஒஸ்லோ பாமசியில் 4 மில்லிகிராம் சூயிங்கம் சில பெட்டி வாங்கி வரச் சொல்லுங்கள். அங்கே தாராளமாகக் கிடைக்கும், பில்லையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புகையிலை இல்லாத வெள்ளை நிக்கொட்டின் பை என்று ஒன்றைக் காட்டினால் அதுவும் வேண்டாம். வாய் எரிகிறவர் உதட்டுக்குள் எதையும் ஒதுக்கி வைக்கக் கூடாது. அவர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பல் பிரிவு இந்த வாரம், பட்டி அடுத்த லீவில்.